உங்களுக்குத் தெரிந்த ஒருத்தர்

தேவநாதன் தொடங்கிய பிளாக்செயின் மென்பொருள் ஊருக்கே திறந்து கிடந்தது; அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். தமிழில் பெயர் அடித்தால் மட்டும் நின்றுவிடும். கல்யாணத்துக்குப் பிறகு மென்பொருள் வேலையை விட்ட தூத்துக்குடி ஜெஸிந்தா அதைச் சரிசெய்து அனுப்பிவிட்டு, பதில் வந்ததா என்று தினமும் அந்தத் தளத்தில் போய்ப் பார்த்தாள். கடைசியில் தேவநாதனிடமிருந்து பதில் வந்தது: "முன்பின் தெரியாதவரை எப்படி நம்புவது? எனக்குத் தெரிந்தவர் யாராவது உங்களுக்காகச் சொல்லட்டும்."

அவளுக்கு அங்கே யாரைத் தெரியும்?

அந்த வாரம், யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய தன்னார்வலர்களின் ஜூம் கூட்டத்தில் தேவநாதன் முழங்கினார்: "நம்ம பிளாக்செயின்ல யாரும் யாரையும் நம்ப வேண்டாம். சரிபார்த்தாப் போதும்!"

ஜெஸிந்தா மைக்கைப் போட்டாள். "சார், உங்களுக்குத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வரச் சொன்னீங்களே, வந்திருக்கார்."

"யாரு?"

"நீங்கதான் சார். நம்ப வேண்டாம், சரிபார்த்தாப் போதும்னு இப்பதானே சொன்னீங்க?"

கூட்டமே சிரித்தது. தேவநாதன் வேறு வழியில்லாமல் அவள் திருத்தத்தைத் திறந்து, அவள் பெயரையே தமிழில் அடித்தார். நிற்காமல் ஓடியது.

"வேற ப்ராஜெக்ட்டே இல்லையாம்மா? ஏன் இங்கேயே நின்னீங்க?"

"இது கண்ணாடிக் கதவு சார். நீங்க எல்லாரும் வேலை பார்க்கிறது வெளியே இருந்தே தெரிஞ்சுது. பார்க்கப் பார்க்க, நானும் ஒரு காலத்துல இப்படி..." நிறுத்திக்கொண்டாள். "உள்ளே வரலாமா சார்?"