ஏழு தட்டு

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் இரண்டு கண்ணும் அவிந்து போகட்டும்! உரக்கவே சொல்கிறேன், அத்தனையும் நடந்தது.

ஒரு காட்டை ஆறு இரண்டாகப் பிரித்திருந்தது. இக்கரையில் மான்கள், அக்கரையில் காட்டெருமைகள். நடு ஆற்றில் ஒரு புல் திட்டு. அது யாருக்கு என்பதுதான் சண்டை.

கொம்போடு கொம்பு மோதிச் செத்தவை போதும் என்று, இரண்டு பக்கமும் குரலால் போரிடத் தொடங்கின. மான்களுக்காகக் கரிச்சான் குருவி அஞ்சனன் வேலை பார்த்தான். எந்தக் குரலையும் அப்படியே எடுப்பான். ஒருநாள் எருமைத் தலைவன் திமிலனின் குரலில், “எல்லோரும் தெற்கே ஓடுங்கள்!” என்றான். மொத்தக் கூட்டமும் உச்சிவெயில்வரை ஓடியது. திமிலனும் பின்னாலேயே ஓடினான், யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே!

ஆனால் ஒரு சத்தத்தை மட்டும் யாரும் தொடுவதில்லை. காட்டில் தீப்பிடித்தால், கிழட்டு மரங்கொத்தி காய்ந்த தேக்கில் ஏழு முறை தட்டும். கேட்டதும் இரு கரையும் ஆற்றில் குதிக்கும். பறக்கத் தெரியாத குஞ்சுகளை மந்திகள் கூட்டோடு தூக்கி ஆற்றுப் பாறையில் வைக்கும். அந்தத் தட்டைப் போலி செய்வதில்லை என்று இரு தலைவர்களும் வேங்கை மரத்தில் கொம்பு உரசிச் சத்தியம் செய்திருந்தார்கள்.

அந்தக் கோடையில் மான் தலைவன் கிளைக்கொம்பன் அஞ்சனனைக் கூப்பிட்டான்.

“ஏழு தட்டு உனக்கு வருமாடா?”

“வரும். ஆனா சத்தியம் இருக்கே தலைவரே!”

“கொம்பு உரசினது நான். உன் அலகை யாராவது உரசச் சொன்னாங்களா?”

அஞ்சனன் யோசித்தான். யாரும் சொல்லவில்லைதான்! கூலிக்குக் கத்துபவர்களை அந்தச் சபைக்கே அழைக்கவில்லை.

அவன் மனைவி மையாள் கூட்டிலிருந்து கத்தினாள். “வேணாங்க! மூணு குஞ்சும் இப்பத்தான் கண்ணைத் திறந்திருக்கு!”

“அட, தட்டப்போறது அக்கரையிலதானே!” என்று பறந்துபோனான்.

தட்டினான். எருமைகள் கண்மூடி ஆற்றில் விழுந்தன. ஒரு கன்றை ஆற்றின் இழுப்பு அடித்துக்கொண்டு போனது. அந்தக் குழப்பத்தில் மான்கள் திட்டைப் பிடித்தன.

திமிலன் சபை கூட்டினான். நடுவர் ஆமை கேட்டது: “செய்தது யார்?”

“குரலுக்குக் காலடித்தடம் உண்டா? நாங்கதான்னு எப்படிச் சொல்றீங்க?” என்றான் கிளைக்கொம்பன்.

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

திமிலன் தன் பக்கத்துக்குக் குரல் எடுக்கும் பறவையைக் கூப்பிட்டான். மூன்றாம் நாள் இக்கரையில் ஏழு தட்டு கேட்டது. மான்கள் பாய்ந்தன. சினைமான் ஒன்று பாறையில் விழுந்து செத்தது. தீ இல்லை.

“அடப்பாவிகளா! சத்தியத்தை மீறிட்டாங்களே!” என்று கிளைக்கொம்பன் வானம் அதிரக் கத்தினான். “இனி தட்டு கேட்டால் ஒருத்தரும் அசையக் கூடாது!”

அக்கரையிலும் அதே கட்டளை.

கிழட்டு மரங்கொத்தி கரைக்குக் கரை பறந்து அழுதது. “அய்யா, என் சத்தத்தை எனக்கே திருப்பிக் கொடுங்களேன்!” யார் கொடுப்பது? எப்படிக் கொடுப்பது?

சில நாள் கழித்து, பங்குனி மாத நடுப்பகல். அனல்காற்று. தேக்கில் தட்டு கேட்டது. மந்தி சடைச்சி பதறி ஓடிவந்து கூட்டில் கை வைத்தாள்.

“அண்ணே, குஞ்சுகளைத் தூக்கட்டுமா?”

அஞ்சனன் தலையைச் சாய்த்துக் கேட்டான். தொழில்காரன் காது அல்லவா!

“வேணாம் தங்கச்சி. அக்கரைக்காரன் கைவரிசை. நல்லாத்தான் செய்றான். ஆனா பாரு, அஞ்சாவது தட்டு தடுமாறுது. கிழவன் இப்படித் தட்டமாட்டான். நீ போ!”

சடைச்சி தயங்கினாள், போனாள். தட்டு மறுபடியும் ஏழு. மறுபடியும் ஏழு. “விடமாட்டேங்கிறானே!” என்று அஞ்சனன் சிரித்தான். ஆறாவதில் தட்டு நின்றது. பிறகு புகை வந்தது.

“சடைச்சி! சடைச்சி!” என்று தன் சொந்தக் குரலில் கத்தினான். சடைச்சிக்குக் கேட்டது. இதுவும் அக்கரைக்காரன் குரல்தான் என்று நினைத்து அவள் ஓட்டத்தை நிறுத்தவில்லை.

மையாள் சிறகை விரித்துக் குஞ்சுகளின்மேல் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே இல்லை.

தீ அடங்கியபின், தப்பிய மான்களும் எருமைகளும் கழுத்தளவுத் தண்ணீரில் ஒன்றோடொன்று கலந்து நின்றன. திட்டில் புல் இல்லை, சாம்பல்தான். தேக்கின் அடியில் மரங்கொத்தி கருகிக் கிடந்தது. புகையில் மூச்சு முட்டி முட்டித் தட்டியிருக்கிறது. தடுமாற்றம் அதனால்தான் என்பது அஞ்சனனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் அதன்பின் எந்தக் குரலும் எடுக்கவில்லை, தன் குரலைக்கூட.

பகைவன் உயிரையும் நம் உயிரையும் சேர்த்துக் காக்கும் ஒன்றைப் போரிலும் தொடக் கூடாது. தொட்டால், நம் பிள்ளைக்கு ஆபத்து வரும் நாளில் அது உதவாது.

இந்தக் கதையைச் சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். கிளைக்கொம்பனின் ஆட்கள் இன்னும் “நாங்கள் இல்லை” என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!