வாங்கியதைச் சொல்லாத கோப்பை

முன்பு ஒரு புறநகரில் சிதம்பரநாதன் என்றொருவர் சொந்த வீடு கட்டிக் குடியிருந்தார். அந்த வீட்டுக் கழிப்பறையில் வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்று வெகுகாலமாக ஊழியம் பார்த்து வந்தது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். யார் கொடுத்தது என்று ஒருவரிடமும் மூச்சு விடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோப்பைக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மருமகள் முத்தரசி பொத்தானை அழுத்தியதுதான் தாமதம், உள்ளே போக வேண்டியதெல்லாம் மேலே வந்தது. விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்து, வாசலில் கிடந்த கால்மிதியை நனைத்தது.

அன்றைக்கென்று பார்த்து நகர்ச் சங்கத்தார் வருவதாக இருந்தது. சிதம்பரநாதனைத் தலைவராக இருக்கச் சொல்லிக் கேட்க வருகிறார்கள். அவர் மனைவி வடிவாம்பாள் அவர்களுக்காகக் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள்.

சிதம்பரநாதன் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"கொல்லைப்பக்கம் போய்ப் பழகினவங்களைக் கோப்பையில உட்கார வச்சா இப்படித்தான்," என்றார், யாரையும் பார்க்காமல். "முடியைச் சுருட்டிச் சுருட்டிப் போட்டா எந்தக் குழாய் தாங்கும்?"

முத்தரசியின் முகம் சுண்டிப்போயிற்று. அவள் இந்த வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. கணவனுக்கு வெளியூரில் வேலை. இங்கே குழம்பில் உப்புக் கூடினாலும் சரி, மோட்டார் நின்றுபோனாலும் சரி, பேச்சு அவள் பிறந்த ஊரில் போய்த்தான் முடியும். சீவிய முடியை அவள் காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கூடையில்தான் போடுவாள். அதைச் சொல்லப்போனால் எதிர்த்துப் பேசியதாகிவிடும். நனைந்த கால்மிதியை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"இப்ப என்ன செய்யலாம்?" என்று சிதம்பரநாதன் கழிப்பறையைப் பார்த்துக் கேட்டார்.

தண்ணீர்த் தொட்டி முந்திக்கொண்டது. "ஐயா, என் வேலை ஊற்றுவது. உத்தரவானால் இன்னொரு முறை ஊற்றுகிறேன்."

உத்தரவாயிற்று. தொட்டி ஊற்றியது. தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது.

"என் கடமையில் ஏதாவது குறை உண்டா ஐயா?"

"உன்மேல குறையே இல்ல," என்றார் அவர்.

வாசனைப் புட்டி தொண்டையைக் கனைத்தது. "தண்ணீர் ஒரு பிரச்சினையே இல்லை ஐயா. நாற்றம்தான் பிரச்சினை. அதை என்னிடம் விடுங்கள்." நாலாபக்கமும் மல்லிகையைப் பீய்ச்சியது. மல்லிகைத் தோட்டத்துக்குள் சாக்கடையைத் திருப்பிவிட்டது போலாயிற்று.

"இதெல்லாம் எதற்கு?" என்றது கதவு. "என்னைச் சாத்திவிடுங்கள். கண்ணில் படாதது நடக்காதது."

இந்த யோசனை சிதம்பரநாதனுக்கு மிகவும் பிடித்தது. சாத்தினார். கதவின் அடியில் புகுந்து தண்ணீர் நிதானமாகக் கூடத்தைப் பார்த்து நடந்தது.

அடுப்படியிலிருந்து வடிவாம்பாள் கேட்டாள். "என்னங்க, பிளம்பரைக் கூப்பிட்டீங்களா?"

"ஞாயித்துக்கிழமை எவன் வருவான்? உன் மருமகளை எடுக்கச் சொல்லு. அடைச்சவங்கதான் எடுக்கணும். அதுதான் நியாயம்."

முத்தரசி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கோப்பையின் முன் குனிந்தாள்.

"யாரால உனக்கு இந்தக் கதி? பழி என் தலையில விழுது. உண்மையைச் சொல்லு."

"சொல்ல மாட்டேனம்மா," என்றது கோப்பை, கம்மிய குரலில். "வாங்கியதை வெளியே சொன்னால் அப்புறம் யார் என்னை நம்பி உட்காருவார்கள்? ஆனால் இதை என்னால் விழுங்கவும் முடியவில்லை."

"அப்ப நானே பார்த்துக்கிறேன்."

கொல்லையில் கிடந்த தடித்த கம்பி ஒன்றை எடுத்து வந்து முனையைக் கொக்கியாக வளைத்தாள்.

"தாயே, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்," என்றது கம்பி. "எனக்கு ஆள் பார்த்து நடக்கத் தெரியாது. மாட்டினதை இழுத்து வருவேன்."

"எனக்கும் அதுதான் வேணும்."

கம்பி உள்ளே போயிற்று. வளைந்தது, திணறியது, எதையோ கவ்விக்கொண்டது. முத்தரசி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பொதபொதவென்று ஒரு கொத்து வெளியே வந்து தரையில் விழுந்தது. அதில் ஒரு முடிகூட இல்லை. அத்தனையும் புகையிலைப் பாக்கின் பளபளப்பான காலி உறைகள். கோப்பை பெரிதாக ஒரு ஏப்பம் விட்டு, தேங்கிய தண்ணீரை எல்லாம் குடித்துத் தீர்த்தது.

வடிவாம்பாள் கரண்டியோடு வந்து பார்த்தாள்.

"பழனியில மொட்டை போட்டுச் சத்தியம் பண்ணினீங்க," என்றாள் கணவரைப் பார்த்து. "இனிமே பாக்கையே தொடமாட்டேன்னு."

"வீடு கட்டினப்ப கொத்தனாருங்க போட்டிருப்பாங்க," என்றார் சிதம்பரநாதன்.

"கொத்தனார்தான், கொத்தனார்தான்," என்றன தொட்டியும் புட்டியும் கதவும்.

முத்தரசி சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். அவள் குரல் உயரவில்லை.

"அடைச்சவங்கதான் எடுக்கணும்னு சொன்னீங்க மாமா. அடைப்பை நான் எடுத்துட்டேன். தரையை மட்டும் நீங்க கழுவிடுங்க."

சிதம்பரநாதன் மனைவியைப் பார்த்தார். "கேசரி அடிபிடிச்சிரும்," என்று வடிவாம்பாள் திரும்பினாள். போகிற போக்கில் விளக்குமாற்றை அவர் பக்கம் சாய்த்துவிட்டுப் போனாள். அடுப்படிக்குப் போய் முதல் தட்டுக் கேசரியை மருமகள் கையில் கொடுத்தாள்.

வேறு வழி தெரியாமல் அவர் பினாயிலை ஊற்றித் தேய்க்கத் தொடங்கினார். பாதி தேய்த்திருப்பார், சங்கத்தார் கூட்டமாக உள்ளே வந்துவிட்டார்கள். செயலாளர் தணிகாசலம் கழிப்பறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"பாருங்கய்யா. தன் வீட்டுக் கழிப்பறையைத் தன் கையால கழுவுற மனுஷன். இவரை விட்டா நமக்கு வேற தலைவர் யாரு?"

ஆளுக்கொரு கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார்கள். சிதம்பரநாதன் இடுப்பை நிமிர்த்தி, விளக்குமாற்றைச் செங்கோல்போல் பிடித்துக்கொண்டார்.

"இதுல என்ன இருக்கு?" என்றார் அடக்கமாக. "நம்ம அழுக்கை நாமதானே கழுவணும்?"

புட்டி மறுபடி மல்லிகையைப் பீய்ச்சியது. கதவு அகலத் திறந்து வழிவிட்டது. அடுப்படியில் முத்தரசிக்குக் கேசரி புரையேறியது.

கோப்பைக்குத்தான் பொறுக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தது.

சிதம்பரநாதன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, பின்னால் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார்.