நகை பொன்னுக்குப் போன கதை

மைனாவும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், சொற்கள் கொஞ்சம்தான் இருந்தன. பெயரில்லாத எதையாவது கண்டால் ஊரார் புலவன் மருதையனிடம் போவார்கள். அவன் யோசித்து ஒரு சொல் செய்து கொடுப்பான்.

தாயில்லாத அவன் மகள் பூவாயி, தொட்டிலில் கிடந்தபடி முதன்முதலாக அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கென்று அவன் செய்த சொல்தான் 'நகை'. பொன்னுக்கும் அதற்கும் அப்போது ஒட்டுமில்லை, உறவுமில்லை. வளர்ந்த பிறகும் பூவாயிக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புதான்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெரிய வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். வேலியில் இருந்த மைனா, "வேண்டாம் மருதையா. அந்த வீட்டுல யாரும் சிரிச்சு நான் கேட்டதே இல்லை" என்றது.

"உனக்கென்ன தெரியும்? என் பிள்ளை அங்கயாவது வயிறாரச் சாப்பிடட்டும்" என்றான் அவன். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்கிறவன், அந்தப் பேச்சை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வருஷம் ஒன்று கழித்து மகளைப் பார்க்கப் போனான். கழுத்து நிறையப் பொன்னோடு வந்து நின்றாள் பூவாயி. "வாங்கப்பா" என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"உன் நகை எங்கம்மா?" என்றான்.

அக்கரைக்காரர்களுக்கு அந்தச் சொல் தெரியாது. மாமியார் முந்திக்கொண்டாள். "என்ன சம்பந்தி இப்படிக் கேட்டுட்டீங்க? கழுத்துலயும் காதுலயும் கிடக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? எங்க வீட்டு நகையில ஒரு குறை சொல்ல முடியுமா?"

மருதையன் வாயைத் திறந்தான். வேண்டாம் என்று பூவாயி லேசாகத் தலையசைத்தாள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் இருக்கப்போகிறவள் அவள்தானே. "ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பினான். பாவி மனுஷன், 'வாம்மா, வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லியிருக்கலாம்.

பூவாயி அப்புறம் சிரிக்கவே இல்லை. மருதையன் தன் பாட்டுகளில் மட்டும் நகை என்றால் சிரிப்பு என்றே வைத்துப் பாடினான். புலவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரோ மாமியார் சொன்னதைப் பிடித்துக்கொண்டது.

அன்று முதல்தான், கல்யாணப் பேச்சில் நகை என்ற சொல் வந்ததும் எல்லோரும் பெண்ணின் கழுத்தைப் பார்க்கிறோம். முகத்தை யாரும் பார்ப்பதில்லை.