முனீஸ்வரன் வாசலில் ஒரு பூசணிக்காய்

இளநீர் விற்கும் எத்திராசனின் தள்ளுவண்டியைக் காரால் இடித்து நொறுக்கியவர் செங்கல் சூளை முதலாளி தணிகாசலம். காருக்கு இன்சூரன்ஸ் இல்லை. அதனால் ஏட்டு விசாரித்தபோது, "என் கார் ஒரு மாசமா வேலூர்ல மச்சான் வீட்டுல நிக்குது" என்று சாதித்தார்.

எத்திராசன் கும்பிட்டான். "சரிங்க முதலாளி. இடிச்சவன் எவனோ, பாவம். அமாவாசைக்குள்ள முனீஸ்வரன் முன்னால காரை நிறுத்திப் பூசணிக்காய் உடைக்கலைன்னா, அடுத்த அடி அவனுக்குத்தான்."

அமாவாசையன்று விடிகாலையில், முனீஸ்வரன் கோயில் வாசலில் மூக்கு நசுங்கிய காருக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டு முதலாளி நிமிர்ந்தார். எதிரே எத்திராசனும் ஏட்டும்.

"வேலூர்லேருந்து எப்ப வந்துச்சு?" என்றார் ஏட்டு.

புது வண்டி வாங்கித் தருவதாக முதலாளி எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். இன்னும் தரவில்லை. எத்திராசன் சூளை வாசலை அடைத்து இளநீரைக் குவித்து விற்கிறான். செங்கல் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன.

"நகர்றா!" என்று கத்துகிறார் முதலாளி.

"வண்டியைக் குடுங்க முதலாளி, தள்ளிக்கிட்டுப் போயிடறேன்."