பிரை ஊற்றிய சால்னா

கீழ்ப்புலியூரில் குருவுக்கு முப்பது வயது, சீடருக்கு ஐம்பத்தாறு.

குரு ஜெசிந்தா, பல் டாக்டர் வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு இணையத்தில் சிரிப்பு வீடியோ போடுகிறவள். சீடர் ஆவுடையப்பன், அந்த வட்டாரத்து உணவுப் பாதுகாப்பு அலுவலர்.

அவர் சீடரானதற்குக் காரணம் உண்டு. 'பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு' என்று தொடங்கி அவர் ஃபேஸ்புக்கில் போடும் எச்சரிக்கைகளைப் படித்தவர்கள் இரண்டாவது வரியிலேயே கொட்டாவி விட்டார்கள். தூக்கம் வராத நோயாளிகளுக்கு ஒரு டாக்டர் அதையே மருந்தாக எழுதிக் கொடுத்தார் என்றுகூட ஊரில் பேச்சு. ஜெசிந்தாவோ அரிசி டப்பாவில் குடியிருக்கும் கரப்பான்பூச்சியாக வேஷம் கட்டி, "வாடகையை ஏத்திராதீங்கம்மா" என்று ஒரு நிமிஷம் அழுதாள். மறுநாள் ஊரில் அரிசி டப்பா வெயிலில் காயாத வீடு இல்லை.

ஆவுடையப்பன் ஒரு தட்டு நிறைய ஆப்பிளோடு போய் அவள் முன் நின்றார். அவள் ஒரு பழத்தை நகத்தால் சுரண்டினாள். மெழுகு சுருண்டு வந்தது.

"நீங்களே ஆபீசராக்கும்," என்று சிரித்து, சீடராகச் சேர்த்துக்கொண்டாள்.

அது போன மாசம். இன்றைக்குத் தேர்த் திருவிழா. மத்தியானம் சோறுகூட உண்ணாமல் ஆவுடையப்பன் மாடிப்படி ஏறி வந்தார்.

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். திரும்பி வந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியையே தேடினார்.

"மாடக்கண்ணு கடையில கூட்டம் தெரு முக்கு வரைக்கும் நிக்கி, குருவே."

"உங்க வீடியோ நல்லா ஓடுதுன்னு அர்த்தம்."

"அதுதானே வினையாப் போச்சு!"

மாடக்கண்ணு பரோட்டாக் கடை வைத்திருப்பவர். அவர் கடையில் சால்னாச் சட்டி காலியாவதே கிடையாது. தயிருக்குப் பிரை ஊற்றுகிற மாதிரி, நேற்று மிஞ்சிய சால்னாவை இன்றைய சால்னாவில் ஊற்றுவார். இன்றையது நாளைக்கு. "அதுலதான்யா ருசியே இருக்கு" என்பார். இப்படித் தேங்கியதில் ஊறும் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது என்று ஆவுடையப்பனுக்குத் தெரியும். நோட்டீஸ் கொடுத்தார். மாடக்கண்ணு அதை மடித்து விசிறிக்கொண்டார்.

அதன் பிறகுதான் ஆவுடையப்பன் தம் முதல் வீடியோவைப் போட்டார். அதில் அவர் சொன்னது இதுதான்: 'மாடக்கண்ணுவின் தாத்தாவை இடுப்பில் தூக்கி வளர்த்ததே இந்தச் சால்னாதான். போன தேர்தலில் இது வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது. கரண்டியில் மை வைத்தார்கள்.'

ஊர் சிரித்தது. பக்கத்து ஊர் சிரித்தது. துபாயில் இருந்தவன்கூடச் சிரித்துவிட்டு, ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தச் சால்னாவைத் தேடிப் போனான். மாடக்கண்ணு வாசலில் போர்டே எழுதி வைத்துவிட்டார்: 'ஓட்டுப் போட்ட சால்னா இங்கே கிடைக்கும்.'

"நேத்து நேராவே போயி, சாப்பிடாதீங்க, வயித்துக்கு ஆகாதுன்னு கத்துனேன். கை தட்டுதாங்க குருவே! ரெண்டாம் பாகம் எடுக்கேன்னு நெனச்சுட்டாங்க. சட்டியைக் கவுக்கப் போனா, 'சார், இன்னொரு தடவை, மூஞ்சியை இந்தப் பக்கம் காட்டி'ங்கான் ஒருத்தன்."

"சாப்பிட்டவங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"ரெண்டு பேரு பெரியாஸ்பத்திரியில கிடக்காங்க. குளுக்கோஸ் ஏறுத கையோட செல்ஃபி போட்டிருக்காங்க. கடையை மூட மேல இருந்து உத்தரவு வரணும். அது எப்ப வருமோ. இன்னைக்குத் தேர் நிலைக்கு வந்ததும் பூரா சனமும் பிள்ளைகுட்டியோட அங்கதான் போய் உக்காரும். நான் நெசத்தைச் சொன்னாலும் சிரிக்காங்களே, இனிமே என்னத்தைச் சொல்ல?"

ஜெசிந்தா போனில் அவர் வீடியோவை ஒரு தரம் ஓட விட்டாள்.

"சார், உங்க வீடியோவுல வயித்தைப் பிடிச்சிட்டுப் படுத்தது யாரு?"

ஆவுடையப்பன் யோசித்தார். சால்னா வந்தது, தாத்தா வந்தார், ஓட்டுச்சாவடி வந்தது.

"யாரும் படுக்கல."

"வாங்க போவோம்," என்று அவள் செருப்பை மாட்டினாள்.

தேர் தெற்குத் தெருவில் திரும்புகிற மேளச் சத்தம் கேட்டது. கடைக்குள் அவர் தலை தெரிந்ததும் ஆரவாரம்.

"ஏய், ஆபீசர் வந்துட்டாருடே! ரெண்டாம் பாகம்!"

"வாங்கய்யா வாங்க! எல்லாம் உங்க புண்ணியம்," என்றார் மாடக்கண்ணு.

ஜெசிந்தா ஆவுடையப்பனை நடு மேசையில் உட்கார வைத்தாள். "அண்ணாச்சி, சாருக்கு ரெண்டு பரோட்டா. சால்னா தாராளமா ஊத்துங்க."

ஆவுடையப்பன் பாதி எழுந்தார். "குருவே..."

அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். "சாப்பிடுங்க சார்."

இலை வந்தது. பரோட்டா வந்தது. அதன்மேல் சிவப்பாக, மினுமினுப்பாகச் சால்னா இறங்கியது. மணம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. விரல்கள் பரோட்டாவைப் பிய்த்தன. தோய்த்தன. தூக்கின. தாடைக்கு நேரே வந்து கை நின்றுவிட்டது.

"என்னமா நடிக்காரு பாரேன்!"

இரண்டாம் முறை தூக்கினார். உதட்டைத் தொட்டது. உதடு திறக்கவில்லை. இலையில் போட்டார். மூன்றாம் முறை பாதி வழியிலேயே சால்னா சட்டையில் சொட்டியது. கடையே விழுந்து விழுந்து சிரித்தது. அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தால் இது உள்ளே போய்விடுமோ என்று பயந்து சும்மா இருந்தார்.

கரண்டு போனதும் காற்றாடி நிற்குமே, அப்படித்தான் அந்தச் சிரிப்பு சுற்றுச் சுற்றாகக் குறைந்தது. மடியில் பெண்குழந்தையை வைத்து ஊட்டிக்கொண்டிருந்த ஒருவர் ஆவுடையப்பனின் கையைப் பார்த்தார். தன் கையில் இருந்த உருண்டையைப் பார்த்தார். அதைச் சத்தமில்லாமல் இலையில் வைத்துவிட்டு, குழந்தையின் வாயைத் துண்டால் துடைத்தார். எதிர் பெஞ்சில் மெல்லுவது நின்றது.

"போதும்யா நடிச்சது, சாப்பிடுங்க," என்றார் மாடக்கண்ணு. குரலில் பழைய தெம்பு இல்லை.

"முடியல, அண்ணாச்சி."

ஜெசிந்தா அந்த இலையை மாடக்கண்ணுவின் பக்கம் நகர்த்தினாள். "அப்ப நீங்க ஒரு வாய் சாப்பிடுங்களேன்."

மாடக்கண்ணு கரண்டியும் கையுமாக நின்றார். கடை முழுக்க அவர் வாயையே பார்த்தது. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். சளசளவென்று கொட்டுகிற சத்தம் கேட்டது. சாக்கடை ஒரு ஏப்பம் விட்டது என்று பிறகு அந்தத் தெருவில் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் ஆவுடையப்பன் அடிகுழாயில் முழங்கை வரை கழுவினார். கழுவியதையே திரும்பக் கழுவினார். ஜெசிந்தா போனை நீட்டினாள். அதில் ஒரு பெரிய மனிதர் பரோட்டாத் துண்டை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த இடத்தில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை போல முழித்துக்கொண்டிருந்தார்.

"இதைப் போடட்டுமா சார்?"

"ஐயோ, ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குமே, குருவே!"

"சிரிப்பாங்க சார். சிரிச்சிட்டு, அவங்கவங்க இலையைப் பாப்பாங்க."