பானகத்தில் வந்த வெறி

குறுமலை நாட்டை ஆண்ட செங்கோடருக்குக் கள் என்ற பேச்சே ஆகாது. குடித்துவிட்டுக் கோயிலுக்குள் வந்தவன் அன்றே நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதுதான். அமைச்சர் விழுப்பரையர் இதை நன்கு அறிவார். கோயில் மத்தளப் பணியைத் தம் மைத்துனனுக்கு வாங்கித்தர அவருக்கு நெடுநாள் ஆசை. ஆகவே, திருவாதிரைப் புறப்பாட்டில் அழுது ஆடித் தரையில் உருண்ட மத்தளக்காரர் நந்தியப்பரைக் குடித்திருந்தார் என்று சொல்லி அவைக்குப் பிடித்துவரச் செய்தார்.

"ஒரு சொட்டும் தொடவில்லை, அரசே! எம்பெருமான் எதிரே வந்தான், என்னை மறந்தேன்" என்று கைகூப்பினார் நந்தியப்பர்.

விழுப்பரையர் நகைத்தார். "அரசே, குடிக்கு நான்கு படி உண்டு. கண் சிவந்தால் மகிழ்ச்சி. பேச்சு நீண்டால் களிப்பு. கால் பின்னினால் மயக்கம். தரையில் புரண்டால் வெறி. இவர் புரண்டார். வேறு சான்று எதற்கு?"

"கண்ட கோலமே சான்று. இனி இதுவே சட்டம்" என்றார் அரசர்.

நந்தியப்பரின் மத்தளம் இல்லாத வழிபாட்டை அவைப்புலவர் அம்பலவாணரால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. கெஞ்சினால் அரசர் இரங்கமாட்டார். எனவே முகத்தில் புன்னகையை வரவழைத்துக்கொண்டு எழுந்தார்.

"அமைச்சர் அழகாக வகுத்தார். ஆனால் காவலருக்கு விளங்க வேண்டுமே! களித்தவனை வெறியன் என்று பிடித்தால் பாவமல்லவா? ஐயா ஒருமுறை நடித்துக் காட்டினால் நலம்."

புகழ்ச்சியில் குளிர்ந்தார் விழுப்பரையர். கள்ளுக்குப் பதிலாகக் கையில் ஒரு கிண்ணம் வெல்லப் பானகம் தரப்பட்டது. குடித்தார். கண்ணைக் கசக்கிச் சிவக்க வைத்தார். உளறினார். தூணைக் கட்டிக்கொண்டார். அவை கைதட்டவே, உற்சாகம் மேலிட்டுத் தரையில் விழுந்து புரண்டார்.

"காவலரே, இது எந்தப் படி?" என்றார் அம்பலவாணர்.

"வெறி, ஐயா!"

"சட்டத்தைக் கேட்டீர்கள் அல்லவா? பின்னே ஏன் நிற்கிறீர்கள்?"

காவலர் அமைச்சரின் தோளைப் பற்றினர்.

"விடுங்களடா! நானாவது, குடிப்பதாவது! அது பானகம்!" என்று அலறினார் விழுப்பரையர்.

அம்பலவாணர் அரசரை வணங்கினார். "அரசே, ஒரு கிண்ணம் பானகம் அமைச்சரையே இப்படி உருட்டுமானால், எம்பெருமான் திருமுகம் நந்தியப்பரை உருட்டலாகாதா?"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைப் புலவருக்கு அணிவித்துவிட்டுச் சொன்னார்: "மத்தளக்காரரை விடுங்கள். அமைச்சரை மட்டும், பானகம் தெளிந்த பிறகு விடுங்கள்!"