புற்றை முட்டிய மொட்டையப்பன்

மூங்கில் காட்டில் மொட்டையப்பன் என்றொரு காட்டுப்பன்றி இருந்தது. அதன் மனைவி சேற்றாயிக்கு மசக்கை. ஐந்து நாளாக எதைத் தின்றாலும் வாந்தி. உடம்பு துரும்பாக இளைத்துவிட்டது.

“கோரைக்கிழங்கு தோண்டிட்டு வந்திருக்கேன். ஒரு வாய் தின்னு, தாயே” என்று கெஞ்சியது மொட்டையப்பன்.

“அந்த வாசனையே ஆகலைங்க. புற்றுக்காளான் கிடைச்சா தின்பேன். வேற எதுவும் இறங்காது.”

பாவம், மொட்டையப்பன் என்ன செய்யும்! ஓடைக்கரையில் இருந்த பெரிய கறையான் புற்றுக்கு ஓடியது. ஆண்டுதோறும் அங்கேதான் வெள்ளைக் குடையாகக் காளான் பூக்கும். இன்றைக்கு ஒன்றுகூட இல்லை.

பக்கத்துச் சின்னப் புற்றின் அருகே சருகுமான் படுத்திருந்தது.

“என்னம்மா, காளானைக் காணோம்?”

“மழை விழட்டும் அண்ணே. விழுந்து நாலு நாளில் வந்துடும். நானும் அதுக்குத்தான் காத்திருக்கேன்.”

“மழையா? போன வருஷம் இடி இடிச்சுது, காளான் வந்துது. நான் கண்ணால பார்த்தவன். இடிச் சத்தம் கேட்டாத்தான் அது எழுந்திருக்கும். வானம் சும்மா கிடந்தா என்ன, நான் முழக்குறேன் பார்!”

பத்தடி பின்னால் போனது. ஓடி வந்து புற்றை ஒரு முட்டு முட்டியது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

உள்ளிருந்து ஒரு கறையான் தலையை நீட்டியது. “ஐயா, நிறுத்துங்க. காளான் தோட்டம் எங்க வீட்டுக்குள்ளேதான் இருக்கு. சருகை மென்னு மென்னு நாங்கதான் அதை வளர்க்கிறோம். கூரை போனா தோட்டமும் போச்சு.”

மொட்டையப்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “எள்ளளவு இருந்துக்கிட்டு நீ வளர்க்கிறியா? வானமே அதிர்ந்தாத்தான் முளைக்கிற காளான் உனக்கு முளைக்குமா? தள்ளிப் போ.”

சாயங்காலம் வரை முட்டியது. நெற்றி வீங்கியதுதான் மிச்சம். புற்று இரண்டாகப் பிளந்து கிடந்தது.

மறுநாள் நிஜமான இடி இடித்தது. மழையும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. “பார்த்தியா, நான் ஆரம்பிச்சு வெச்சேன், வானம் முடிச்சு வெச்சிருக்கு” என்று மொட்டையப்பன் குதித்தது.

நாலாம் நாள் சேற்றாயியைக் கூட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி வந்தது. பிளந்த புற்றுக்குள் வெள்ளம் புகுந்து, தோட்டம் மொத்தமும் கூழாகிக் கிடந்தது. பிழைத்த கறையான்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. சின்னப் புற்றிலோ கூட்டம் கூட்டமாகக் காளான்!

சருகுமான் நல்ல மனசுக்காரி. “வாங்க அண்ணி, வயிற்றுப்பிள்ளைக்காரி, முதல்ல நீங்க சாப்பிடுங்க” என்றது. சேற்றாயி ஆசை தீரத் தின்றது. ஒரு வாய்கூட வாந்தி வரவில்லை.

மொட்டையப்பன் மெல்ல மூக்கை நீட்டியது. “எனக்கும் ரெண்டு...”

சேற்றாயி திரும்பிப் பார்த்தது. “அந்தக் கறையானுங்க எங்கே போச்சுன்னு முதல்ல தேடிப் பிடிங்க. மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. அப்புறம் தின்னலாம்.”

மொட்டையப்பன் வீங்கிய நெற்றியோடு காடெல்லாம் குனிந்து குனிந்து தேடியது. ஒரு கறையானும் அதற்கு முகம் காட்டவில்லை. அந்தப் பெரிய புற்றில் அதன்பிறகு எந்த மழைக்கும் காளான் பூக்கவில்லை.

சத்தத்தைப் பெரிதாக நம்பி, சத்தமில்லாமல் உழைப்பவர்களின் வீட்டைக் கெடுப்பவன் தன் சாப்பாட்டையே கெடுத்துக்கொள்கிறான்.